தியேட்டரில் சிரிப்புப் படம் பார்ப்பது எப்படி? புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எல்லாப் படமும் வீட்டுக்கே வந்துவிடுகிற காலம் இது. தியேட்டருக்குப் போய்ப் பார்க்க வேண்டிய படம் எது என்று கேட்டால் சண்டைப் படம், விண்வெளிப் படம் என்று பெரிய பெரிய படங்களாகச் சொல்வார்கள். சிரிப்புப் படத்தை மட்டும் ‘டிவியில் வரும்போது பார்த்துக்கலாம்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். என் கட்சி இதற்கு நேர் எதிர். வெடிச்சத்தத்துக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் வீட்டிலேயே ஓரளவு சமாளித்துவிடலாம். முன்பின் தெரியாத இருநூறு பேர் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரிப்பதை எந்தக் கடையில் வாங்குவது?

சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரோவைன், எப்போதெல்லாம் சிரிக்கிறோம் என்று மாணவர்களையே குறிப்பெழுதி வைக்கச் சொன்னார். டிவி, புத்தகம் மாதிரி துணை எதுவும் இல்லாமல் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, நாலு பேரோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்று தெரிந்தது. தியேட்டர் வியாபாரம் தொடங்கிய நாளிலேயே அதில் சிரிப்புக்கும் இடம் இருந்தது. 1895 டிசம்பர் 28 அன்று லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துக் குறும்படங்களில் ஒன்று, தோட்டக்காரர் முகத்தில் தண்ணீர் பீய்ச்சியடிக்கிற குறும்பு.

ஆகவே இந்த வழிகாட்டியில் படத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட ஷோவைத் தேர்ந்தெடுப்பதற்கே அதிக இடம். சுமாரான சிரிப்புப் படம்கூட நிறைந்த அரங்கில் தேறிவிடும். நல்ல படம் காலி அரங்கில் களையிழந்துவிடும்.

முதல் படி: என்ன மாதிரி சிரிப்பு?

எல்லாவற்றையும் ‘காமெடி படம்’ என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். உள்ளே ரகம் ரகமாக இருக்கும். விழுவது, துரத்துவது, ஆள்மாறாட்டம், ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் சொல்வது என்று போகிற ரகத்துக்கு முன் தயாரிப்பு எதுவும் வேண்டாம். பாட்டியும் பேரனும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள். வசனத்திலேயே ஓடுகிற ரகத்துக்கு அந்த மொழியின் வட்டார வழக்கு வரை பிடிபட வேண்டும். வேறு படங்களைக் கிண்டலடிக்கும் பகடிப் படம் என்றால், கிண்டலுக்கு ஆளாகும் படங்களையாவது பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரங்கமே சிரிக்கும்போது நீங்கள் மட்டும் திருதிருவென்று முழிப்பீர்கள். சாவு, கொலை, பிணம் என்று விளையாடும் கறுப்பு நகைச்சுவை இன்னொரு ரகம். அதில் அரங்கம் இரண்டாகப் பிரியும். பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் ‘இதுக்கா சிரிப்பு?’ என்று பார்ப்பார்கள்.

முதல்முறை போகிறவர் முதல் ரகத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அரங்கம் மொத்தமும் ஒரே இடத்தில் சிரிக்கும் அனுபவம் அதில்தான் சுலபமாகக் கிடைக்கும்.

எந்த ரகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? டிரெய்லரைப் பார்த்து வேண்டாம். படத்தின் நல்ல ஜோக்குகளைத்தான் டிரெய்லரில் அடுக்குவார்கள். ஆட்களை இழுக்க அவர்களுக்கு வேறு வழியில்லை. திகில் படத்தின் டிரெய்லர் பயத்தைக் கூட்டிவிடும், சிரிப்புப் படத்தின் டிரெய்லர் சிரிப்பைச் செலவழித்துவிடும். பார்த்தே தீர வேண்டும் என்றால் அரை நிமிட டீசரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதைவிட உருப்படியானவை மூன்று: நாலு வரிக் கதைச்சுருக்கம், படத்தின் நீளம், தணிக்கைச் சான்றிதழ். சான்றிதழில் வயது வரம்பு மட்டுமல்லாமல் காரணமும் போட்டிருந்தால் அதைக் கட்டாயம் படியுங்கள். ‘ஆபாச வசனம்’, ‘பாலியல் நகைச்சுவை’ என்றிருக்கும் படத்துக்கு மாமனாரைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மணிநேரம் நெளிய வேண்டியதில்லை.

விமர்சனத்தில் ஸ்டார் எண்ணிக்கைக்குப் பெரிதாக மதிப்புக் கொடுக்காதீர்கள். விமர்சகர் எதற்குச் சிரித்தார், எது பிடிக்கவில்லை என்ற இரண்டு வரி போதும். ‘ஒரே கத்தல், ஒரே ஓட்டம்’ என்று அவர் அலுத்துக்கொண்டது உங்களுக்குப் பிடித்த சங்கதியாக இருக்கலாம்.

இரண்டாவது படி: எந்த ஷோ?

மற்றப் படங்களுக்குக் கூட்டமில்லாத ஷோவைத் தேடுவோம். சிரிப்புப் படத்துக்கு அப்படியே தலைகீழ். படம் வெளியான முதல் வார விடுமுறை நாட்களின் மாலை ஷோ, முன்னிரவு ஷோ இரண்டும்தான் உத்தமம். வார நாள் காலை ஷோ டிக்கெட் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அரங்கில் பதினைந்து பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்கார்ந்தால் சிரிக்கவே கூச்சமாக இருக்கும். வந்த சிரிப்பும் உதட்டோடு நின்றுவிடும். பின்னிரவு ஷோவும் பெரும்பாலும் அப்படித்தான். ஆட்கள் இருப்பார்கள், பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆன்லைனில் டிக்கெட் எடுக்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் சீட் வரைபடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இடம் கிடைக்குமா என்பதோடு, அன்றைக்கு வரப்போகும் கூட்டம் எப்படிப்பட்டது என்பதும் அதில் தெரியும். இரண்டிரண்டாகச் சிதறி நிரம்பியிருந்தால் ஜோடிகள். ஒரே வரிசையில் ஏழெட்டு சீட் தொடர்ச்சியாகப் போயிருந்தால் அது நண்பர் பட்டாளம் அல்லது ஒரு குடும்பம். இந்த மாதிரி கும்பல் இரண்டு மூன்று இருக்கிற ஷோவைக் கண்டால் உடனே டிக்கெட் போட்டுவிடுங்கள். அரங்கில் முதல் சிரிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். ஒன்று மட்டும் கவனம்: ஷோவுக்கு நாலு நாள் முன்பே வரைபடத்தில் மங்கலாகத் தெரிவதெல்லாம் விற்றுப்போனவை என்று நினைத்துவிடக் கூடாது. தியேட்டரே சில சீட்டுகளை நிறுத்தி வைத்திருக்கும். ஷோ அன்று ஒருமுறை திறந்து பார்த்தால் நிலவரம் ஓரளவு சரியாகத் தெரியும்.

ராட்சதத் திரை, ஆடும் நாற்காலி, முப்பரிமாணக் கண்ணாடி என்று கூடுதல் பணம் கேட்பார்கள். சிரிப்புப் படத்துக்கு இவை எதுவும் தேவையில்லை. ஒரே வளாகத்தில் 400 சீட் அரங்கும் 120 சீட் அரங்கும் இருந்து, இரண்டிலும் நூறு பேர்தான் வருவார்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு சின்னதற்குப் போங்கள்.

மூன்றாவது படி: சீட்

ரொம்ப முன்னால் உட்காராதீர்கள். கழுத்து வலி ஒரு காரணம், இன்னொரு காரணம் சிரிப்பே. சிரிப்புப் படத்தில் பல சமயம் திரையின் இந்தப் பக்கம் ஒருவர் தீவிரமாகப் பேசிக்கொண்டிருப்பார், அந்த ஓரத்தில் இன்னொருவர் சத்தமில்லாமல் ஏதோ கூத்தடித்துக்கொண்டிருப்பார். இரண்டும் ஒரே பார்வைக்குள் விழுந்தால்தான் சிரிப்பு. மௌனப்பட காலத்துச் சிரிப்பு நடிகர் பஸ்டர் கீட்டன் தன் சாகசங்களை முழு உடலும் தெரியும்படி தூரத்தில் கேமராவை வைத்து எடுத்ததும் இதனால்தான். ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று ஆட்களுக்குத் தெரிய வேண்டும், சுற்றி நடப்பதும் தெரிய வேண்டும். முதல் இரண்டு வரிசையில் இருந்தால் தலையைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க முடியும், ஓரத்து ஆள் செய்தது தவறிப்போகும். கடைசி வரிசைக்கும் போக வேண்டாம். அங்கே உட்கார்ந்தால் எல்லாரும் சிரிப்பது உங்களுக்கு முன்னால் எங்கோ நடக்கிற மாதிரி இருக்கும். திரையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் ஒரு நல்ல கணக்கு. பல அரங்குகளில் அது நடுவரிசைகளிலோ அதற்குச் சற்றுப் பின்னாலோ வரும்.

பக்கச் சுவரை ஒட்டிய சீட்டையும் தவிர்க்கலாம். வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால், நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. திரைத் துணியில் உள்ள பொடிப் பொடி ஓட்டைகள் அந்தச் சத்தம் வெளியே வருவதற்குத்தான். சுவரோரம் உட்கார்ந்தால் பக்கத்து ஸ்பீக்கரின் இசைச் சத்தம் காதை அடைக்கும், முணுமுணுப்பாகச் சொல்லப்படும் ஜோக் கேட்காமல் போகும்.

அப்புறம், மேலே சொன்ன நண்பர் பட்டாளம் வரைபடத்தில் தெரிந்தால் அவர்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இடம் பிடியுங்கள். சிரிப்பு முதுகுப்பக்கத்திலிருந்து வந்து மோதும்போது அடக்கிக்கொண்டிருப்பது கஷ்டம். அவர்களுக்கு நேர் முன்வரிசை மட்டும் வேண்டாம். சிரிக்கிற மும்முரத்தில் உங்கள் நாற்காலியை உதைத்துக்கொண்டே இருப்பார்கள்.

வேற்றுமொழிப் படம் என்றால்

சப்டைட்டில் சிரிப்புக்கு ஒரு விசித்திரமான எதிரி. பேசுவதைவிட வேகமாகப் படித்துவிடுகிறோம். நடிகர் இழுத்து, நிறுத்தி, கடைசி வார்த்தையில் குண்டைப் போடுவதற்குள் கீழே எழுத்து முழுவதையும் போட்டு உடைத்திருக்கும். மொழி தெரியாதவர்கள் முன்கூட்டியே சிரிப்பார்கள், தெரிந்தவர்கள் சரியான இடத்தில் சிரிப்பார்கள், அரங்கில் இரண்டு அலையாக வரும். மொழி முக்கால்வாசி புரியும் என்றால் சப்டைட்டில் இல்லாத ஷோ இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சமும் புரியாது என்றால் சப்டைட்டிலோடே பாருங்கள். ஆனால் வசன ரகத்தை விட்டுவிட்டு விழுந்து எழும் ரகமாகப் போங்கள். டப்பிங்கில் வார்த்தை விளையாட்டு பாதிக்குமேல் செத்துவிடும். குழந்தைகளுக்கான அனிமேஷன் படத்தில் மட்டும் டப்பிங் அவ்வளவாக உறுத்தாது.

காது சரியாகக் கேட்காதவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே விசாரித்துவிடுங்கள். சில தியேட்டர்களில் ஒலியைக் கூட்டித் தரும் ஹெட்போன், காது மெஷினோடு இணையும் வசதி, எழுத்து காட்டும் தனிக் கருவி என்று ஏதாவது இருக்கும். கவுன்டரில் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கேட்காமல் உள்ளே போய்விட்டால் படம் தொடங்கிய பின் ஓடி வர வேண்டியிருக்கும்.

யாரோடு போவது?

சத்தமாகச் சிரிக்கிற ஓர் ஆள் கூட இருந்தால் போதும். ‘எனக்கு அவ்வளவு சீக்கிரம் சிரிப்பு வராது’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவரை இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வீட்டில் விட்டுவிடலாம். திரையில் கேட்ட வசனத்தை உடனே திருப்பிச் சொல்லி ‘எப்டி?’ என்று உங்கள் முகத்தைப் பார்க்கும் நண்பர் இருந்தால், அவரை வரிசையின் கோடியில் உட்கார வையுங்கள். தனியாகப் போவதில் எந்தக் குறையும் இல்லை, ஷோ மட்டும் நிறைந்ததாக இருக்கட்டும்.

சின்னப் பிள்ளைகளோடு போனால் நடைபாதை ஓரச் சீட் எடுங்கள். அரங்கச் சத்தம் வீட்டு டிவியைவிடப் பல மடங்கு கூடுதல் என்று முன்பே சொல்லி வையுங்கள். எல்லாரும் சேர்ந்து சிரிக்கும் திடீர்ச் சத்தத்துக்கே மிரண்டு அழுகிற குழந்தைகள் உண்டு. சில ஊர்களில் விளக்கை முழுதும் அணைக்காமல், சத்தத்தையும் குறைத்து நடத்தும் தனி ஷோக்கள் உண்டு. கூட்டமும் சத்தமும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு அவை சரியாக இருக்கும்.

அன்றைக்கு

நேரத்துக்குப் போங்கள். முதலில் விளம்பரம்தானே ஓடும் என்று சாவகாசமாகப் போகிறவர்கள் அதிகம். விளம்பரம் எவ்வளவு நேரம் என்பது தியேட்டருக்குத் தியேட்டர் மாறும். சிரிப்புப் படத்தின் முதல் பத்து நிமிடத்தைத் தவறவிடுவது திகில் படத்தில் தவறவிடுவதைவிட மோசம். யாருக்கு எதில் பயம், எந்தக் கதவு சரியாகச் சாத்தாது, யார் யாரிடம் என்ன பொய் சொன்னார்கள் என்று விதைப்பதெல்லாம் அங்கேதான். ஒன்றரை மணிநேரம் கழித்து அந்தக் கதவு தானாகத் திறக்கும்போது எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள், தாமதமாக வந்தவர் பக்கத்து ஆளிடம் ‘என்னாச்சு?’ என்று கேட்பார்.

கழிப்பறைக்கு முன்பே போய்விடுங்கள். இடைவேளை விடாத தியேட்டரில் நடுவே அவசரம் வந்தால், சோக இசை கேட்கும்வரை பொறுத்திருங்கள். பல சிரிப்புப் படங்களில் முக்கால்வாசி தாண்டியதும் நண்பர்கள் சண்டை போட்டுப் பிரிவார்கள், காதலர்கள் ஆளுக்கொரு ஜன்னலில் நின்று மழையைப் பார்ப்பார்கள். எழுந்து போக அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. திரும்பி வருவதற்குள் சமாதானமாகிவிடுவார்கள்.

ஆஸ்துமா இருப்பவர்கள் இன்ஹேலரைப் பையின் அடியில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பலமாகச் சிரித்தால் சிலருக்கு மூச்சிரைப்பு வரும். தீனி வாங்கினால், திரையில் நிலைமை சூடேறும்போது வாயில் எதையும் போடாதீர்கள், பானத்தையும் உறிஞ்சாதீர்கள். புரையேறினால் உங்களுக்கும் கஷ்டம், முன்வரிசைக்காரருக்கும் கஷ்டம்.

உள்ளே

சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அடக்காதீர்கள். இருட்டில் யாரும் உங்களைப் பார்ப்பதில்லை. அரங்கம் சிரித்து முடிக்கும்வரை அடுத்த வசனத்துக்குக் காத்திருக்கப் படத்தால் முடியாது. மேடை நாடகக்காரர் சிரிப்பு ஓயும்வரை நிறுத்திப் பேசுவார், படச்சுருளுக்கு அந்த வசதி இல்லை. அதனால் எத்தனை விநாடி சிரிப்பார்கள் என்று எடுக்கும்போதே கணக்குப் போட்டு இடைவெளி விடுகிறார்கள். அமெரிக்கச் சிரிப்பு நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள் 1935-இல் வெளிவந்த தங்கள் படம் ஒன்றின் முக்கியக் காட்சிகளைப் படமாக்குவதற்கு முன் ஊர் ஊராக மேடையில் நடித்துக் காட்டி, எங்கே எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று அளந்துகொண்டே எடுத்தார்கள். அப்படியும் சில வசனங்கள் சிரிப்புச் சத்தத்தில் அடிபட்டுப் போகும். போகட்டும். ‘என்ன சொன்னான்?’ என்று பக்கத்தில் கேட்காதீர்கள். அவர் பதில் சொல்வதற்குள் இன்னும் இரண்டு வசனம் போய்விடும்.

போனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? சத்தத்தை அணைத்தால் மட்டும் போதாது, திரை வெளிச்சம் பின்னால் பத்து வரிசைக்குத் தெரியும்.

முதல் இருபது நிமிடம் அரங்கம் அமைதியாக இருந்தால் பதற வேண்டாம். யாராவது ஒருவர் முதலில் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், அதுவரை எல்லாரும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருப்பார்கள். அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். ஆனால் வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உரக்கச் சிரிக்காதீர்கள். பொய்ச்சிரிப்பு இருட்டிலும் கண்டுபிடிபட்டுவிடும்.

சிரிப்பே வரவில்லை என்றால்

எல்லாரும் சிரித்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் அது ரசனை வித்தியாசம், குற்றமில்லை. பெருமூச்சு விடுவது, மணி பார்ப்பது, ‘இதெல்லாம் ஒரு ஜோக்கா’ என்று முனகுவது மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் ஒருவர் மாதக்கணக்கில் காத்திருந்து சிரித்துக்கொண்டிருக்கலாம். ஒருவரை இழிவுபடுத்துகிற ஜோக்காக வந்து எரிச்சல் தாங்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம், டிக்கெட் காசுக்காகக் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. காட்சி மாறும் இடத்தில், குனிந்து, மறைக்காமல் வெளியேறுங்கள்.

படம் முடிந்ததும்

பெயர்கள் ஓடத் தொடங்கியவுடன் எழுந்துவிடாதீர்கள். சிரிப்புப் படங்களில் கடைசிப் பெயர்ப் பட்டியலோடு சேர்த்துப் படப்பிடிப்பில் சொதப்பிய துண்டுகளைக் காட்டுவது உண்டு. ஜாக்கி சான் படங்களில் அது ஒரு வழக்கமாகவே இருந்தது. சில படங்களில் பட்டியலுக்கு நடுவிலோ முடிவிலோ இன்னொரு குட்டிக் காட்சியும் ஒளிந்திருக்கும். விளக்கு போடும்வரை உட்கார்ந்திருங்கள்.

வெளியே வரும்போது அடுத்த ஷோவுக்கு வரிசையில் நிற்பவர்களின் காதுபட ஜோக்குகளைச் சொல்லிச் சிரிக்காதீர்கள். வீட்டில் பார்க்காதவர்கள் கேட்டால், கதை தொடங்கும் நிலைமையை மட்டும் சொல்லுங்கள், ஜோக்கைச் சொல்லாதீர்கள். சிரிப்புச் சத்தத்தில் தவறிப்போன வசனங்கள் மனதை அரித்தால், படம் ஓடிடியில் வந்ததும் அதே மொழி சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள். அரங்கம் அதிகமாகச் சிரித்த இடங்களுக்கு அடுத்த ஐந்து விநாடியில் தேடுங்கள், கிடைத்துவிடும்.